லெப்ட் கார்னரில் அன்புச்செல்வன்

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றால் ஜன்னலோரம் ஓடிவந்து வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தை, அதாவது வேர்க்கடலையை, நீட்டுகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களில் பெரிய குரல் இருதயமேரியுடையது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டால் தப்பித்தீர்கள். "இன்னாம்மா, இந்த வருசம் உங்க ஊரு கபடி டீம் எப்படி?" என்று பழக்கமான லாரி டிரைவர் எவனாவது வாயைக் கொடுத்தால் தொலைந்தான். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவான். அவள் ஓயமாட்டாள்.

"டீமா அது? கவர்ல நின்ன புள்ளைய திருப்பூருக்கு வழியனுப்பிட்டு, பண்ருட்டிப் பக்கத்துலேர்ந்து ஒரு ரெய்டரப் புடிச்சாந்து வெச்சிருக்கானுங்க. அவன் பாடப் போறானா போட்டோ எடுக்கப் போறானான்னே தெரியல. கோட்டத் தாண்டறதுக்கு முன்னாடி தலைமுடிய சரி பண்ணிக்கினு நிக்கறான்யா! எதிராளி சும்மா இருப்பானா? அலாக்காத் தூக்கி வெளிய போடறான்."

கபடிக்கு ஒரு காலம் உண்டு. பொங்கலுக்கு ஆரம்பித்து, அறுப்பு முடிந்த கழனிகளிலும் கோயில் திடல்களிலும் வெயில் கொளுத்துகிற வரை ஊர் ஊராக ஆட்டம் நடக்கும். அப்புறம் ஓய்வு. ஐப்பசி மழையில் திடலெல்லாம் சேறாகிவிடும். அந்த ஆட்டமில்லாத மாதங்களில்தான் டீமுக்குள்ளே ஆட்டம் சூடுபிடிக்கும். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது, வெளியூரிலிருந்து யாரைக் கூட்டிவருவது என்று செல்போனிலேயே அடிதடி நடக்கும்.

டோல்கேட்டிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து, ஏரிக்கரையோரம் உள்ளே திரும்பினால் சகாயபுரம். ஒரு மாதா கோயில், மூன்று தெரு, ஒரு கபடி டீம். மற்றதெல்லாம் கூலி வேலை. இருதயமேரி கட்டத்துக்குள் ஒருநாளும் கால் வைத்தவள் இல்லை. ஆனால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று அவள் போடுகிற கூச்சலுக்கு அம்பயரே மிரளுவார். யாரைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இவனுக்கு மூச்சு பத்தாது, அவனுக்கு அவசர புத்தி, இன்னொருத்தன் பிடித்த காலை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பான். அவள் சொன்னதில் பாதி பலிக்கும். பலிக்காத பாதியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ஒரே ஒருத்தனைப் பற்றி மட்டும் அவள் வாயிலிருந்து குறைச்சலாக ஒரு சொல் வராது. அவன் அன்புச்செல்வன். லெப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பாடி வருகிறவனின் காலைப் பிடிக்கிறவன். ஹைவேயில் ஒரு பஞ்சர் கடையில் வேலை செய்கிறவன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வலது முட்டியில் எப்போதும் ஒரு துணிப் பட்டை இருக்கும். போன சீசனில் பெருமுக்கல்லில் நடந்த அரையிறுதியில், அவன் பிடித்த கணுக்கால் கையிலிருந்து உருவிக்கொண்டு போனதால்தான் டீம் தோற்றது. ஊரே பார்த்தது. இருதயமேரியும் பார்த்தாள். திரும்பி வருகிற வேனில், "கால்ல எண்ணெ தடவிக்கினு வந்திருக்கான் அந்தப் பையன். நான் பாத்தேன்" என்று சாதித்தாள்.

அவள் ஏன் அப்படிச் சாதித்தாள் என்பது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அவளுக்கு ஒரே மகன், ஆரோக்கியராஜ். ஊருக்கு ராஜி. அப்பன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் மல்லாட்டை விற்றே வளர்த்தாள். அதே டீமில், அன்புச்செல்வனுக்கு அடுத்த இடத்தில் நின்றவன். கார்னரில் நிற்கிறவனும் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனும் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்பார்கள். செயின் என்பார்கள் அதை. எதிராளி பாடிக்கொண்டு வரும்போது இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி நகர வேண்டும், ஒரே ஆள் மாதிரி விழ வேண்டும். அன்புவும் ராஜியும் அப்படித்தான் விழுந்தார்கள். பிறகு ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை ஆடினவனை வெள்ளிக்கிழமை கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள்.

ராஜியோடு ஆடினவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒருத்தன் சிங்கப்பூர், ஒருத்தன் ஓசூர், ஒருத்தனுக்கு மாமியார் ஊரோடு மாப்பிள்ளை வேலை. ஒவ்வொருத்தன் கழன்றபோதும் இருதயமேரி டீமைத் திட்டினாள். கடைசியில் மிஞ்சினது அன்புச்செல்வன். அவனும் கட்டத்தில் இல்லையென்றால், கோட்டுக்கு வெளியே நின்று அவள் யாரைப் பார்ப்பாள்? அவன் கைக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் அவள் கண்ணுக்கு அங்கே ராஜி தெரிவான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அன்பு அவள் வீட்டில் சாப்பிட வேண்டும். அது எழுதாத சட்டம். ராஜிக்குப் பிடித்த மாட்டுக்கறிக் குழம்பு, எலும்புச் சாறு, வடித்த சோறு. தட்டு காலியாகக் காலியாகப் போட்டுக்கொண்டே இருப்பாள். போதும் என்று அவன் கையால் மறித்தால், "கார்னர்ல நிக்கறவனுக்கு ஒடம்புல சத்து வேணாமாடா?" என்பாள்.

ஐப்பசி பிறந்த சமயத்தில் டீம் மேனேஜர் அடைக்கலராஜ் டோல்கேட்டுக்கே வந்தான். திண்டிவனத்தில் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறவன். நல்லவன்தான், ஆனால் யார் முகத்தையும் பார்த்து முடியாது என்று சொல்ல வராது அவனுக்கு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கி, உரித்து உரித்துத் தின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, இந்தப் பொங்கலுக்கு எல்லா ஊர்லயும் எழுபது கிலோ ஆட்டம்தான் போடறாங்க. எழுபதுக்கு மேல இருக்கறவன எறக்க முடியாது. அன்பு இப்ப எவ்ளோ இருக்கான்னு தெரியுமா உனக்கு?"

"எவ்ளோ இருப்பான்? ஆம்பளப் புள்ள, இருக்க வேண்டியது இருப்பான்."

"எழுவத்தாறுக்கா."

இருதயமேரி கூடையைக் கீழே வைத்தாள். "டேய், நீ தராசுல கை வெச்சிருப்ப. பேஜாரு புடிச்சவனே, அவனக் கழட்டி விடறதுக்கு வழி பாக்கறியா? அவன் இல்லாத டீமு டீமாடா? பண்ருட்டிக்காரன் கண்ணாடி பாத்துக்கினு நிப்பான், நீ பேனர் அடிச்சிக்கினு நில்லு!"

"நான் எங்கக்கா கழட்டி வுட்றேன்? கல்லறத் திருநாளுக்கு எல்லாரும் ஊருக்கு வருவாங்க இல்ல, அன்னைக்கு சாயங்காலம் திடல்ல எல்லாரையும் எட போட்றோம். எழுபதுக்குள்ள வந்தான்னா அவன்தான் லெப்ட் கார்னர். போதுமா?"

"வருவான்டா. பாத்துக்கினே இரு."

சொன்ன கையோடு அன்று சாயங்காலமே மல்லாட்டை மண்டிக்கு அன்புவை இழுத்துப்போய், மூட்டை போடுகிற தராசில் ஏற்றினாள். அடைக்கலராஜ் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டுக்கே போய் அவன் மனைவி ஜெசிந்தாவைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாடி போடற அவனுக்கு? ஆட்டக்காரன வெச்சிக்கினு வாரம் பூரா விருந்தா நடத்தற?"

ஜெசிந்தா அமைதியான பெண். அன்று அவளுக்கும் பொறுக்கவில்லை. "நான் போடறது ஒரு வேள சோறு பெரிம்மா. ஞாயித்துக்கெழம எங்க வூட்ல சாப்ட்டுட்டுதான் உங்க வூட்டுக்கு வரும். அங்க ராஜி பங்கையும் சேத்து சாப்புடும். வந்து அப்டியே படுத்துடும். ராத்திரி பூரா வவுத்தப் புடிச்சிக்கினு பொரளும். ஏன் இப்டி துன்றேன்னு கேட்டா, அவங்க போடறாங்க, நான் எப்படி வேணாம்னு சொல்றதுன்னு கேக்கும். அஞ்சு வருசமா இதே கததான்."

இருதயமேரி மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தாள். அன்பு தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ஏன்டா சொல்லல?"

"நீ போடற பெரிம்மா. நான் இன்னா சொல்றது?"

மறுநாளிலிருந்து அவனுக்கு விரதம். விரதம் என்றால் தவக்காலத்து விரதம் அதன் முன்னால் பிச்சை வாங்க வேண்டும். விடிந்தும் விடியாமல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் ஓடுவான். கோட்டுக்குள் வேர்த்து ஊற்றும். முட்டி வலித்தால் நொண்டிக்கொண்டே ஓடுவான். கரை முனையில் இருதயமேரி கூடையோடு நிற்பாள். "ஓட்றா, ஜல்தி! கழட்டி வுடணும்னு பாக்கறானுங்க, ஓட்றா!" ஒரு சொம்பு கேப்பைக் கூழ், கூடவே ஒரு வெங்காயம். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு அடுப்பு எரியவில்லை. கறி வாங்கினால் வாசம் வரும், வாசம் வந்தால் பிள்ளைக்கு ஆசை வரும் என்று தானும் கூழையே குடித்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஒரு டயரைக் கழற்றவே இன்னொருத்தனைக் கூப்பிடுகிற அளவுக்கு ஆகிவிட்டான் அன்பு. இரண்டு தடவை பஞ்சர் கடையிலேயே மயங்கி உட்கார்ந்தான். ஜெசிந்தா அழுதாள். "இன்னும் கொஞ்சம்தான்டி. பொங்கலுக்கு அவன் கோட்டுல நிக்கறப்போ பாரு" என்று இருதயமேரி அவளை அடக்கினாள்.

இப்படியாகக் கல்லறைத் திருநாள் வந்தது.

சகாயபுரத்தில் அந்த நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவதெல்லாம் எல்லா ஊரிலும் இருப்பதுதான். இங்கே அதற்கு மேலே, செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்து எடுத்துப்போய்க் கல்லறை மேல் இலை போட்டுப் படைப்பார்கள். ஃபாதர் மந்திரித்துவிட்டுப் போன பிறகு, செத்தவரின் வயசுக்காரர் யாராவது ஒருத்தர் அங்கேயே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். சாப்பிடுகிறவர் வயிறு நிறைந்தால் செத்தவர் வயிறு நிறைந்த மாதிரி. ஃபாதர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். ராஜிக்கு ஐந்து வருடமும் உட்கார்ந்து சாப்பிட்டவன் அன்புச்செல்வன்தான்.

அன்று காலை மண்டித் தராசு எழுபதுக்கு மேல் கொஞ்சம் காட்டியது. சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் சரியாகிவிடும். ஒரு பிடி சோறு உள்ளே போனாலும் போச்சு. இருதயமேரி வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். அரிசி களைந்து வைத்திருந்தாள். கறிக்குச் சொல்லி வைத்திருந்தாள். தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வேறு யாரையாவது சாப்பிடச் சொல்லலாம். யாரைச் சொல்வது? ராஜி வயசுக்காரன் ஊரில் யார் இருக்கிறான்? சமைத்து எடுத்துப்போனால் அன்பு சாப்பிடாமல் எழுந்திருக்கமாட்டான். அவனை அவளுக்குத் தெரியாதா?

"ராஜி, நீயும் ஆடினவன்தானே. இந்த ஒரு வருசம் பொறுத்துக்கடா" என்று சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, களைந்த அரிசியைத் தட்டு போட்டு மூடினாள்.

கல்லறைத் தோட்டத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க ஜனங்கள் குடையைக் கல்லறைக்குப் பிடித்துவிட்டுத் தாங்கள் நனைந்தார்கள். எல்லாக் கல்லறை மேலும் இலை இருந்தது, ஆவி பறந்தது. கருவாட்டுக் குழம்பு வாசம், கோழி வாசம். பக்கத்துக் கல்லறையில் யாரோ ஒரு தாத்தாவுக்குப் பொடி மட்டையும் வெற்றிலையும்கூட வைத்திருந்தார்கள். ராஜியின் கல்லறை மேல் மாலையும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் மட்டும்தான். அன்பு வந்து, பழகின இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான்.

"பெரிம்மா, ராஜிக்கு?"

"இந்த வருசம் இல்லடா. அவங்கிட்ட சொல்லிட்டேன். அவன் கோச்சிக்க மாட்டான்."

அவன் ஈரச் சுண்ணாம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் தூறல் விட்டது. திடலில் தார்ப்பாய் விரித்து எலெக்ட்ரானிக் தராசை வைத்திருந்தார்கள். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிள்ளைகள் எல்லாம் கூடி நின்றார்கள். அன்பு சட்டையைக் கழற்றினான், முட்டிப் பட்டையையும் அவிழ்த்து ஓரமாக வைத்தான். அவனுடைய விலா எலும்பைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருத்தன் உச்சுக் கொட்டினான். தராசில் ஏறினான். சிவப்பு எண் ஆடி ஆடி நின்றது. அறுபத்தொன்பதும் சொச்சமும்.

"பாத்துக்கடா அடைக்கலம்!" என்று இருதயமேரி போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. "கண்ணத் தொறந்து பாரு! எங்கடா உன் பேனரு? போட்றா எங்க புள்ள போட்டோவ!"

யாரும் சிரிக்கவில்லை. அடைக்கலராஜ் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்த சாக்குப் பையிலிருந்து பனியன் மூட்டை பிதுங்கிக்கொண்டிருந்தது. இருதயமேரியே போய் அதைப் பிரித்தாள். புது நீல பனியன்கள், முதுகில் பெயர் அச்சடித்து. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். அன்புச்செல்வன் இல்லை. அவனுடைய நான்காம் நம்பரில் பிரான்சிஸ் என்று இருந்தது.

"யார்றா பிரான்சிஸு?"

"மரக்காணம் பக்கத்துப் பையன்க்கா. லெப்ட் கார்னரு. போன மாசமே பேசி முடிச்சிட்டோம்."

"போன மாசமேவா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப எதுக்குடா இவன ஏத்தி நிக்க வெச்ச?"

அடைக்கலராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் மூஞ்சியப் பாத்து அன்பு வேணாம்னு சொல்ல முடியலக்கா. எழுபதுக்குள்ள அவனால வர முடியாது, அவனே வுட்டுட்டுப் போயிடுவான்னு நெனச்சேன். இப்டி எளைச்சிக்கினு வந்து நிப்பான்னு சத்தியமா நெனைக்கல. அவன் முட்டி போயிடுச்சுக்கா. புடி நிக்கல. உனக்குத் தெரியாதா? மனசத் தொட்டுச் சொல்லு, உனக்குத் தெரியாதா?"

தெரியும். பெருமுக்கல் அரையிறுதியிலேயே தெரியும். ஊரில் எல்லோருடைய குறையையும் டோல்கேட் வரை கொண்டுபோய்க் கத்தினவள், இந்த ஒரு குறையை மட்டும் முந்தானைக்குள் முடிந்து வைத்திருந்தாள். அன்புதான் வந்து அவள் தோளைத் தொட்டான். "வா பெரிம்மா, வூட்டுக்குப் போலாம். உடு." சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். முட்டிப் பட்டையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான். அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் டோல்கேட்டுக்குப் போகவில்லை. கறி வாங்கி வந்து சமைத்தாள். எலும்புச் சாறு வைத்தாள், சோறு வடித்தாள். எல்லாவற்றையும் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, போகிற வழியில் அன்புவையும் கூப்பிட்டுக்கொண்டு கல்லறைக்குப் போனாள். நேற்று அவ்வளவு ஜனம் இருந்த இடத்தில் ஓர் ஆள் இல்லை. மெழுகு உருகி வழிந்து கல்லறைகளின் மேல் காய்ந்து கிடந்தது. இரண்டு ஆடுகள் சாமந்தி மாலைகளைத் தின்றுகொண்டிருந்தன. ராஜியின் மாலையில் பாதி போயிருந்தது. அவள் ஆட்டை விரட்டவில்லை. இலையைப் போட்டாள், பரிமாறினாள், எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சாப்புடு. இனிமே எட பாக்கறவன் யாரு இருக்கான்? நல்லா சாப்புடு. நேத்து பட்டினி போட்டுட்டேன்டா அவன. பெத்த புள்ளைய நானே பட்டினி போட்டுட்டேன்."

அன்பு ஒரு வாய் எடுத்து வைத்தான். மென்றுகொண்டே இருந்தான். இன்னொரு வாய். மூன்றாவது வாய்க்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பி, கையால் வாயைப் பொத்தி அடக்கினான். மறுபடி இலைக்குக் கையைக் கொண்டுபோனான். கை போகவில்லை. இரண்டு வாரமாகக் கூழிலேயே கிடந்த வயிறு கறியைக் கண்டு மிரண்டுவிட்டது.

"முடியல பெரிம்மா" என்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "துன்னணும்னுதான் பாக்கறேன். எறங்க மாட்டேங்குது."

"பரவால்லடா. வெச்சிடு."

இலை அப்படியே இருந்தது. சோறு, குழம்பு, எலும்பு எல்லாம் அப்படியே. ஈ மொய்க்க ஆரம்பித்தது. அவள் சொம்பை எடுத்து, "கைய நீட்டு" என்றாள். அவன் வலது கையை நீட்டினான். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். செயின் போடும்போது ராஜியின் கையைக் கோத்திருந்த கை அது. ஐந்து வருடம் அவன் பங்கைச் சாப்பிட்டதும் அதே கைதான். விரல் எலும்பெல்லாம் துருத்திக்கொண்டு, மணிக்கட்டு அவள் பிடிக்குள் அடங்கி மீதி இடம் இருந்தது.

"எவ்ளோ எளைச்சிப் போச்சு பாருடா கை" என்றாள். சொல்லிவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மகனை அடக்கம் செய்த அன்றைக்கு அழுத மாதிரி வாய்விட்டு அழுதாள்.